சுகந்தி மிஸ்ஸி வரைந்த வட்டங்கள்

"மாரடைப்பாம்" என்றுதான் செய்தி வந்தது. பளையிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் புற்றுநோய் கிளினிக்கில் என்னோடு வேலை செய்த தாதி, எல்லாருக்கும் சுகந்தி மிஸ்ஸி, உண்மையில் எந்த நோயில் கிடந்து இறந்தார் என்பது, அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகு.

நோயாளிகளின் குடும்ப வரலாற்றைக் கேட்டு வரைவது அவர் வேலை. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. "அம்மம்மா காய்ச்சலிலை போனவா" என்று யாராவது மழுப்பினால், கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போடுவார். "உண்மையைச் சொல்லுங்கோ. கலியாணம் குழம்புமெண்டு மறைச்சால் பிள்ளையள்தான் சாகும்." கண்டிப்பான மனுசி.

தனக்கே மார்பில் கட்டி வந்தபோது தன் குடும்பத்தையும் வரைந்தார். அம்மா, பெரியம்மா, சித்திமார், எல்லா வட்டத்திலும் கோடு. "எல்லாரும் சண்டைக்குள்ளை ஷெல்லடியிலை போயிட்டினம், டொக்டர். கான்சர் வாறதுக்கு ஒருத்தருக்கும் வயசு காணேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தோம். உடைந்த டி.என்.ஏ.யைத் திருத்துகிற மரபணு ஒன்றில் ஒரு சிறு மாற்றம் இருந்தது. அது நோயைத் தரும் மாற்றமா, எங்கள் சனத்திடம் சாதாரணமாகவே இருப்பதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வெள்ளைக்காரரின் மரபணுக்களைப் பார்த்த அளவுக்கு எங்களுடையதை யாரும் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தாய்வழி உறவினரும் மிஞ்சவில்லை. மிஞ்சியவள் தங்கை வதனி ஒருத்திதான். "அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டார் சுகந்தி.

செத்தவீட்டில் வதனிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தார்கள். "அக்காவுக்குத் திடீரெண்டு நெஞ்சு நொந்தது" என்று அவள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்தது. ஊரெல்லாம் உண்மை கேட்டுத் திரிந்தவரின் சவப்பெட்டியடியில் நின்று அந்தப் பொய்யைக் கேட்டேன்.

கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு உண்மையைக் கேட்கும் பழக்கம் ஒன்றுதான் சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. போன கிழமை வதனி கிளினிக்குக்கு வந்தபோதும் இழுத்துப் போட்டேன். எவ்வளவு மறைத்தும் கலியாணம் குழம்பிவிட்டிருந்தது.

"இனி மறைச்சு என்ன? அக்கா கான்சரிலைதான் போனவா எண்டு எழுதுங்கோ" என்றாள். அதனால்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

பிறகு கேட்டாள், "எனக்கும் வருமோ, டொக்டர்?"

உண்மையைச் சொன்னேன். தெரியாது என்றேன்.