நாற்பத்தைந்துக்காரர்

கோரா அந்தத் துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கண்ணாடி மேசைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவளுக்குப் பரீட்சை வைத்தார்.

"ஏம்மா, ஒருத்தன் உன் வீட்டுக் கதவை ஒடைச்சுக்கிட்டு வர்றான். கையில என்ன எடுப்ப?"

"போன்," என்றாள் கோரா.

"ஷெரீஃப் ஆளு வந்து சேர நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் அவனுக்குக் காபி போட்டுக் குடுப்பியா?"

"ஒன்பது மில்லி துப்பாக்கி வச்சிருக்கேன்."

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பது மில்லியா? சுட்டா, யாரோ கிள்ளுறாங்கன்னு திரும்பிப் பார்ப்பான். அப்புறம்தான் அவனுக்குக் கோவமே வரும்."

"பதினஞ்சு குண்டு இருக்கு, சார்."

"பதினஞ்சு தடவை கிள்ளப் போறியாக்கும்! நாப்பத்தஞ்சு காலிபர் ஒண்ணு போதும்மா. சுண்டுவிரல் தடிமனுக்கு ஈயம். பட்டா, அவன் நின்ன எடத்துல பூட்ஸ் மட்டும்தான் நிக்கும்."

"நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

பக்கத்து முக்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த லெஸ்டர்தான் முதலில் சிரித்தார். "கேட்டுட்டா பாரு! இருபது வருஷமா என் தொண்டையில நின்ன கேள்வி!"

கேட்டது தப்போ என்று கோரா அன்று முழுக்க மேசைக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பெயர் வெர்னன் டில்மன். வயது எழுபத்தொன்று. மிசௌரி மலைப்பக்கத்து பைன் கிரீக்கில் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். அத்தனை காலத்திலும் அவர்மேல் நடந்த பெரிய தாக்குதல், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர் செருப்பில் வாந்தி எடுத்தது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததும் ஒரே ஒரு ஆள்தான், அதுவும் ஒப்போசம். பூனை அளவுப் பிராணி. உள்ளாடையோடு வெர்னன் நாற்பத்தைந்தைத் தேடி எடுத்து வருவதற்குள், மனைவி ஐலீன் அதைத் துடைப்பத்தால் வாசல்வரை வழியனுப்பிவிட்டிருந்தாள்.

ஆனாலும் அந்தக் கடையில் நாற்பத்தைந்து, ஒன்பது என்று இரண்டு சபைகள் உண்டு. ஒன்றுக்கு வெர்னன் போதகர். மற்றதற்கு, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற லெஸ்டர். சேர்ந்த இரண்டாம் வாரம் கோரா இரண்டு தோட்டாப் பெட்டிகளின் முதுகில் அச்சிட்டிருந்த வேகத்தையும் விசையையும் படித்துப் பார்த்தாள். "விசை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் போட்டிருக்கு," என்றாள். ஜெப நேரத்தில் முறுக்கு கடித்தவளைப் பார்ப்பதுபோல இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அட்டைப்பெட்டி சுடாதும்மா," என்றார் லெஸ்டர்.

"சரியாச் சொன்ன," என்றார் வெர்னன். இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

முப்பத்திரண்டு, இருபத்திரண்டு போன்ற சின்ன ரகங்களை வெர்னன் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் கொசுமருந்து. யாராவது ஒரு பெண் அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால், "சுடாதீங்க, தூக்கி எறிங்க. அதுதான் வலிக்கும்," என்பார். அதனாலேயே மூன்று பேர் பெரியதை வாங்கிப்போய், சுட முடியாமல் அலமாரியில் பூட்டிவைத்திருந்தார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடைக்குப் பின்னால் காலி பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுடுவார்கள். யாருடைய கேன் உயரமாகச் சிதறுகிறதோ அவர் கட்சி ஜெயித்தது. வெர்னனின் கேன்கள் நீரூற்று மாதிரி எழும்.

பனிக்கால மூன்று மாதம் போட்டி கிடையாது; இந்த வருடம் மார்ச்சில் மறுபடி தொடங்கியபோது அவர் சுடவில்லை. தோள் வலி என்றார். ஏப்ரலில் சளி என்றார். லெஸ்டருக்கு மூக்கில் வேர்த்தது. மே மாதத்துக்குப் புது விதி போட்டார்: காலித் துப்பாக்கியில் தொடங்கணும், அவனவன் தானே குண்டேத்தணும், சுடாதவன் முக்காலியைக் காலி பண்ணணும். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னனும் தட்டினார், சத்தமே வராமல்.

அந்த முக்காலியை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஐலீனின் தொலைக்காட்சிப் பெட்டிதான்.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை மதியம், முதலாளி டாரல் சாப்பிடப் போயிருந்தபோது வெர்னன் வந்தார். இடுப்பிலிருந்த நாற்பத்தைந்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் எண்ணெய் போடும்மா. ஸ்லைடு இறுகுது."

கோரா குண்டு அடுக்கிய மேகசினை உருவிவிட்டு, குண்டைக் குழாய்க்குள் ஏற்றும் மேல்பாகமான ஸ்லைடை இழுத்தாள். வெண்ணெயாக வந்தது. உள்ளே குண்டு இல்லை.

"சேம்பர் காலியா இருக்கே, மிஸ்டர் வெர்னன்."

"நவம்பர்ல துடைச்சு வச்சேன்." கைகளை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் கணுக்கள் இஞ்சிக்கிழங்காக வீங்கியிருந்தன. "அதுக்கப்புறம் இழுக்க வரல."

கோரா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஆறு மாதம். தேவாலயம், மளிகைக் கடை, வங்கி, எல்லா இடத்துக்கும் எருமையையே சாய்க்கும் என்று அவர் சுமந்து போனது வெறும் இரும்பு.

வெர்னன் கீழ்த்தட்டைப் பார்க்காமலே விரலால் காட்டினார். ஒரு முப்பத்திரண்டு. குழாயின் பின்முனை மேலே எழும்பும். குண்டைக் கையாலேயே உள்ளே வைத்து மூடிவிடலாம். ஸ்லைடை இழுக்க வேண்டாம். செய்து பார்த்தார். இரண்டாம் முறையும் செய்து பார்த்தார்.

"நீயே உன் பேர்ல வாங்கி எங்கிட்ட..."

"அடுத்தவங்களுக்காக வாங்கினா ஜெயிலு," என்று அவள் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

வாங்குவது நீங்கள்தானா என்ற கேள்விக்கு எதிரே பேனா நெடுநேரம் நின்றது. பிறகு ஆம் என்று குறித்தார். வாங்குபவரின் பின்னணியை விசாரித்து அரசாங்கம் போனில் நாலே நிமிடத்தில் சம்மதித்துவிட்டது; அவர் மனது சம்மதிக்கத்தான் அதைவிட அதிக நேரம் ஆனது.

"ஒருத்தன் நிஜமாவே வந்தா இது போதுமாம்மா?" குரலில் கேலியே இல்லை.

"உங்க நாப்பத்தஞ்சை விடப் பெரிசு. இது வெடிக்கும்."

அவர் சிரித்தார். கொசுமருந்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்பத்தைந்தை மறுபடி இடுப்பில் மாட்டினார். பையிலிருப்பது திருடனுக்கு, இடுப்பிலிருப்பது லெஸ்டருக்கு. வாசலில் டாரலின் வண்டிச் சத்தம் கேட்டதும் அவசரமாக மேசைமேல் குனிந்தார்.

"சனிக்கிழமை நீ ஒண்ணு செய்யணும், கோரா. கடையில பாதுகாப்பு விதி மாறிடுச்சு, எல்லாத் துப்பாக்கிக்கும் நான்தான் குண்டேத்திக் குடுப்பேன்னு நீ சொல்லிடு. மொதல்ல லெஸ்டரோடதை வாங்கு. சுடறதை நான் பாத்துக்கறேன். சொல்லும்போது கொஞ்சம் சலிச்சுக்கிட்டே சொல்லும்மா, அப்பதான் நம்புவான்."