பேனரில் இடமில்லாத முதலாளி

விழுப்புரத்தில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நானும் என் நண்பனும் சேர்ந்து விளம்பர நிறுவனம் நடத்துகிறோம். வாசலில் ‘கிரியேட்டிவ் ஏஜென்சி’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படித்துவிட்டு மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர், காதுகுத்துக்கு ஒரு பேனர் அடிக்க வேண்டும் என்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்கிற மிதப்பு வேறு. நண்பன்தான் அவர்களை உட்கார வைத்து, டீ சொல்லி, காதுகுத்தில் தொடங்கிய பேச்சைக் கடைத் திறப்பு வரைக்கும் கொண்டுபோய்விடுவான். பொறுமை அவன் இலாகா. டிசைனும் கோபமும் என் இலாகா.

பேனரை இங்கே சதுர அடிக் கணக்கில்தான் அடிக்கிறார்கள். அதனால் டிசைனில் கொஞ்சம் காலி இடம் விட்டாலும் வந்தவர் முகம் சுருங்கிவிடும். மேல்மலையனூரில் அமாவாசைக்குப் பூஜை சாமான் கடை போடுகிறவர் ஒருவர், நான் ஆசை ஆசையாக விட்டிருந்த நீல வானத்தைக் காட்டி, இதற்கும் சேர்த்துத்தானே காசு, இங்கே நாலு தேங்காயை வைத்துவிடு என்றார். வைத்தேன். வானத்தில் தேங்காய் மிதக்கிற அந்தப் பேனர்தான் இன்றுவரை எங்களுக்கு அதிகம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்த பேனர். அதைப் பற்றி மேற்கொண்டு பேச நான் விரும்பவில்லை.

திண்டிவனத்திலிருந்து அந்தப் பெண் வந்தது அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான். பேக்கரி திறக்கப் போகிறாள். பிறந்த வீடு கண்டமங்கலம். கல்யாணத்துக்கு முன்பு தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். கல்யாணம் ஆகித் திண்டிவனம் வந்த பிறகு வீட்டிலேயே கேக் செய்து விற்றிருக்கிறாள். ஆனால் வாங்குகிறவர்கள் யாரும் அதை அவள் செய்ததாக நினைக்கவில்லையாம். கணவர் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்து விற்கிறார் என்றே பேச்சு. அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசியில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க்கா. இது என் கடைன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பெரிய கம்பெனியும் என்னிடம் தன் தேவையைச் சொன்னதில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. கடை வாசலில் நிரந்தரமாக இருக்கப்போகிற லைட் போர்டுக்குப் பெயரும் ஒரு கேக் படமும் போதும் என்று அன்றைக்கே முடிவாயிற்று. திறப்பு விழா பேனரில் அவள் முழு உருவம். தலையில் சமையல்காரர் தொப்பி, கையில் கேக். பக்கத்தில் நிறையக் காலி இடம். அவள் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுக்கா என்றாள். காலி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நண்பனைப் பெருமையாகப் பார்த்தேன்.

அந்தப் பெருமை மறுநாள் மதியம் வரைக்கும்தான் நீடித்தது. அவள் கணவரின் தாய்மாமன் போன் செய்தார். பேனரில் தன் போட்டோ இல்லையே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்கு இடம் பேசி முடித்துக் கொடுத்தவரே அவர்தான். அந்தக் குடும்பத்தில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை அவர் முன்னால் நிற்காமல் எதுவும் நடந்ததில்லையாம். தாய்மாமனை விட்டுவிட்டுப் பேனர் அடித்தால் நாளைக்கு அந்தப் பெண்தான் பேச்சு வாங்க வேண்டும். சரி என்று ஓரமாக அவரை வைத்தேன். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை.

மாமனைப் போட்டால் பெரியப்பாவைப் போடாமல் இருக்க முடியுமா? பெரியப்பா வந்தார். அவரைப் பார்த்துச் சித்தப்பா வந்தார். பெரியப்பாவைவிட மாமன் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறார் என்று ஒரு நாள் பேஜாராகி, எல்லோரையும் ஒரே அளவாக்கினேன். அப்புறம் மாமனுக்கு வருத்தம் வந்து, அவரை மட்டும் கொஞ்சம் ஊதினேன். கணவரின் மச்சான் ஒருவருக்குத் தனியாக எடுத்த போட்டோவே இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ அவர் தோள்மேல் கை போட்டு நிற்கிற போட்டோவை அனுப்பினார்கள். பக்கத்து ஆளை வெட்டி எடுத்தேன். கையை எடுக்க முடியவில்லை. யாருடையது என்று தெரியாத அந்தக் கையும் பேனரில் சேர்ந்தது.

இத்தனை பேரும் உள்ளே வர வர, அவள் ஒடுங்கிக்கொண்டே போனாள். முழு உருவம் பாதி உருவமானது. பிறகு ஒரு வட்டத்துக்குள் முகம் மட்டும். கடைசியில் ஒரு பன்னுக்குப் பக்கத்தில் பன்னைவிடச் சின்னதாக இருந்தாள். அவளோ வீட்டில் கொடுக்கிற போட்டோக்களை ஒவ்வொன்றாக எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியாக மாமன் மறுபடியும் போன் செய்தார். அந்தப் பெண் போட்டோ எதற்கு, அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு பப்ஸைப் போடு என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அது என் இலாகா இல்லையே.

“கடை அவங்களுதுங்க மாமா. பேனர்ல இருக்கற உங்கள்ல யாராச்சும் ஒரு பன்னாவது சுட்டிருக்கீங்களா?”

அவர் போனை வைத்துவிட்டார். நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலை கைவிட்டுப் போனது பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. நான் விட்ட வார்த்தைக்கு அவள் வீட்டில் என்ன பாடு படுகிறாளோ என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளே நேரில் வந்து நின்றாள். கையில் ஒரு கேக் பெட்டி. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கேக்கை வெட்டி இருவருக்கும் கொடுத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து பேசினாள்.

“பேனர்ல அவங்களே இருந்துட்டுப் போவட்டும்க்கா. அவங்கெல்லாம் வந்து நின்னாத்தான் எனக்கும் கடை தொறந்த மாரி இருக்கும். பேனரு ரெண்டு நாளைக்கித்தான. போர்டு இன்னும் அடிக்கலல்ல? அதுல என் போட்டோவப் போட்டுடுங்க.”

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அத்தனை பேர் அத்தனை போன் செய்தும் போர்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். கணவருக்குத் தெரியும், மாமாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. திறப்பு அன்று போர்டைப் பார்த்துவிட்டு மாமா பாதியில் எழுந்து போய்விட்டால் மொத்தச் சொந்தமும் அவர் பின்னாலேயே போய்விடும், அந்தக் கடைக்கு அதைவிடக் கெட்ட தொடக்கம் வேண்டியதில்லை. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் அலுவலகச் சுவர் ஓரமாகவே நிற்க வைத்துப் படம் எடுத்தேன். வெளிச்சத்துக்கு நண்பன் ஒரு தெர்மாகோல் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றான். புதுச்சேரிக் காலத்துத் தொப்பியை அவள் துவைத்து எடுத்துவந்திருந்தாள். முதலில் ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றாள். நண்பன் தெர்மாகோலுக்குப் பின்னால் மிச்சக் கேக்கை ஒளிந்து தின்பதைப் பார்த்தவுடன் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் போர்டுக்குப் போயிற்று.

திறப்பு நாளன்று காலையில் நாங்கள் இருவரும் திண்டிவனம் போய் இறங்கினோம். கடை வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொருவரும் பேனரில் தன் முகத்துக்குக் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் மனைவி மட்டும் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மேலே போர்டைத் துணியால் மூடி, ஒரு கயிறு கட்டி விட்டிருந்தார்கள். நல்ல நேரத்தில் கயிற்றை இழுக்க மாமனையே கூப்பிட்டார்கள்.

அவர் இழுத்தார். துணி விழுந்தது. போர்டில் அவள் மட்டும், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் போர்டைப் பார்த்துவிட்டு மாமன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பிறகு திரும்பி, கூட்டத்தில் புதுமுகமாக நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பன்னு சுட்டிருக்கியான்னு கேட்டது நீதானா என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? கடைக்குள் அவள் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். கணவர் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினார். சொந்தக்காரர் இல்லை, அந்தத் தெருவழியாகப் போனவர். பேனரைப் பார்த்தார். அதில் கொஞ்சம் ஊதியிருந்த முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்றுதான் என்று கண்டுகொண்டு, நேராக மாமனிடம் வந்தார். நாளைக்குப் பாப்பாவுக்குப் பிறந்தநாள், முட்டை போடாத கேக் கிடைக்குமா, ஒரு கிலோவா ஒன்றரைக் கிலோவா எது போதும், மேலே பொம்மை வைத்துத் தருவீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டார்.

மாமன், பக்கத்தில் நின்ற பெரியப்பாவையும் சித்தப்பாவையும் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பயம் அதைப் பிடித்து வைத்திருந்தது. அப்புறம் அவர் கையைத் தூக்கி மேலே காட்டினார்.

“நான் மாமன்தாம்மா. ஓனரு அதோ போர்டுல சிரிச்சிக்கினு இருக்குது பாரு, அந்தப் பொண்ணு. எங்க வீட்டுப் பொண்ணுதான். உள்ளப் போயி கேளு, கேட்டாப்பல செஞ்சு குடுக்கும்.”

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

உள்ளே அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். இத்தனை நாளில் நான் அவளிடம் கேட்டிராத குரலில், தெருவில் நின்ற கடைசி ஆள்வரைக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள்.

“நான்தாங்க ஓனரு. பாப்பா பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”