நான் தப்பாக எண்ணிய விளக்கு

எண்பதுகளில் கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வரத் தொடங்கின. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரைச் சரி செய்துவிடுவார். புது எஞ்சின் என்றால் மட்டும் பானெட்டைத் திறந்துவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பார். வாடிக்கையாக வந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் மிச்சம். அவரும் புது கார் வாங்கிவிட்டார். அது சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துபோகும்.

“இதையும் சரி பண்ண முடியலன்னா கடைய மூட வேண்டியதுதான்” என்றார் வீட்டுக்காரர்.

கார் சாமான் கடைக்காரர் ஒரு வழி சொல்லி, தாள் ஒன்றும் கொடுத்திருந்தார். பானெட்டுக்குள் இரண்டு முனைகளை வயரால் சேர்த்தால், ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் விளக்கு மின்னும். எத்தனை தடவை மின்னுகிறது, கொஞ்சம் விட்டு மறுபடி எத்தனை என்று எண்ணினால் ஒரு நம்பர் வரும். அதே நம்பர்தான் திரும்பத் திரும்ப மின்னும். எது கெட்டிருக்கிறது என்று தாளில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வயரைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு கொண்டுபோன என்னைக் காருக்குள் உட்கார்ந்து எண்ணச் சொன்னார். நான் படித்தது ஆறாவது வரைதான். ஆனால் எண்ணத் தெரியாதா?

வாத்தியார் ஜன்னலில் குனிந்தார். “என்னண்ணே, அக்காவையே மெக்கானிக் ஆக்கிட்டீங்களா லா?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மடியைப் பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது விளக்கு ஒரு தடவை மின்னி நின்றது. பிறகு மூன்று.

“எத்தனை, சொல்லு!” என்று கத்தினார் வீட்டுக்காரர்.

“ஒண்ணு... அப்புறம் மூணு.”

ஒன்றுக்கு முன்னால் ஏதோ மின்னியிருக்கும் என்று தோன்றியது. ஆனால் வாத்தியார் அங்கேயே நிற்கிறார். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பதின்மூன்று என்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சென்சார். அதை வரவழைத்து மாட்டினார். கார் அப்படியேதான் அணைந்தது. இரண்டு நாள் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டரே போயிடுச்சு போல, சார். எனக்குத் தெரியல” என்றார். எண்ணியதில் எனக்குச் சந்தேகம் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. வாத்தியார் வேறு இடத்துக்கு வண்டியை இழுத்துப்போனார்.

அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார். அங்கே வந்த நம்பர் முப்பத்தொன்று. காற்றை அளக்கும் சென்சாருக்குப் போகும் வயர் சரியாக மாட்டாமல் இருந்திருக்கிறது. அழுத்தி மாட்டியதும் ஓடிவிட்டதாம். மூன்று மின்னி, பிறகு ஒன்று. அந்த முதல் மூன்றைத்தான் நான் பார்க்கவில்லை; நான் பார்த்தது மறுபடி தொடங்கிய மூன்று.

“அஞ்சு நிமிஷ வேலைண்ணே” என்றார் வாத்தியார். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னார்.

வீட்டுக்காரர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. வாத்தியார் போன பிறகு, “முப்பது வருஷமா என்னத்தக் கத்துக்கிட்டேனோ” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு உங்களுடையது இல்லை என்று. சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மாதமே கடையைக் கொடுத்துவிட்டு, பூன் லே பக்கம் ஒரு ஃபேக்டரியில் பெட்டி அடுக்கப் போனார். சாகும்வரை யார் கார் நின்றாலும் கிட்டே போகமாட்டார். “நமக்குத் தெரியாதும்மா” என்பார்.