கதவைத் திறந்தால் கோல்

ஊரிலிருந்து இரண்டு வார விடுமுறையில் கனடாவுக்கு வந்திருக்கிறேன்; இங்கே ஸ்கார்பரோவில் ஏப்ரலிலும் பனி கொட்டுகிறது. பஸ் வரும்வரை ஒரு தேநீர் குடிக்கலாம் என்று யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையொன்றின் கதவைத் திறக்கிறேன். உள்ளே எல்லோரும் எழுந்து கூத்தாடுகிறார்கள். தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்தின் கால் இறுதி. மூன்று கோல் பின்தங்கிக் கிடந்த சிவப்புச் சட்டைக்காரர்கள், நான் நுழைந்த நொடியில் ஒன்றைத் திருப்பியிருக்கிறார்கள்.

கல்லாவில் நிற்கும் அக்கா ரோல்ஸ் எடுக்கும் இடுக்கியை என் பக்கம் நீட்டுகிறார்.

"தம்பி, ஒருக்கா வெளியில போய்த் திரும்பி வாங்கோ."

சிரித்துக்கொண்டே போய் வருகிறேன். இரண்டாவது கோல்! அதற்குப் பிறகு யாருக்கும் இது விளையாட்டில்லை. என்னைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். பனியில் நிற்கும் என்னைக் கடந்து என் பஸ் போகிறது. கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா கையசைக்கிறார். நுழைகிறேன். மூன்று!

கடைசி நிமிடத்தில் நானாகவே வெளியே ஓடி, நானாகவே திரும்பி ஓடிவருகிறேன். நான்கு! முன்பின் தெரியாத ஒருவர் என் மீசையில் ஒட்டிய பனியோடு சேர்த்து என்னை முத்தமிடுகிறார்.

அக்கா தேநீரை நீட்டுகிறார்.

"எப்ப ஊருக்குத் திரும்பிறியள்?"

"வெள்ளிக்கிழமை."

"டிக்கெட்டை மாத்துங்கோ தம்பி. செமி பைனல் மாசக் கடைசியிலதான்."