பதில் வராத ஃபேக்ஸ்

நெமோட்டோ சாயூரி எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே முதலாளியோடு மோதினாள். ஜப்பானில் ஒனோமிச்சி என்ற எங்கள் ஊரின் மேட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். வேண்டியதை அவர்கள் கையால் எழுதி ஃபேக்ஸ் அனுப்புவார்கள்; அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. தாள் மலையாகக் குவிகிறது, எல்லாம் கணினியிலேயே வரட்டும் என்று ஒரு ஃபேக்ஸ் சர்வர் வைக்க அவளைக் கூப்பிட்டிருந்தார் முதலாளி கமேயாமா.

"ஃபேக்ஸையே ஒழிச்சுட்டு எல்லாரையும் செல்ஃபோனுக்கு மாத்திட்டா என்ன?" என்றார்.

"மாத்துங்க. எண்பது வயசு ஆளுங்களுக்கு நீங்களே உக்காந்து சொல்லிக்குடுங்க. நான் வேடிக்கை பாக்கறேன்."

ஐம்பதைத் தாண்டியவள். தொலைபேசிக் கம்பெனி அவள் பிரிவை இழுத்து மூடியதும், பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பியவள். மருத்துவமனை, மீன் மண்டி, விடுதி என்று ஊர் ஊராக ஃபேக்ஸ் மாட்டிக் கொடுத்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலை முடிந்ததும் ஓட மாட்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்று உருண்டையைத் தின்றபடி அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பாள். முதலாளிக்கு அது எரிச்சல். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

சில வாரங்களில் ஃபேக்ஸ்கள் பாதியில் அறுந்து வர ஆரம்பித்தன. மறுபடியும் வந்தாள். எங்கள் ஃபோன் இணையம் வழியாக ஓடுவது. சர்வரின் ஃபேக்ஸ் வேகம் அந்த இணைப்புக்கு ஒத்துவரவில்லை. வேகத்தைக் குறைத்தாள், சரியாகிவிட்டது. முதலாளி தேநீர் கொடுத்து அனுப்பப் பார்த்தார். அவளோ சோற்று உருண்டையைப் பிரித்தாள்.

என் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. "இப்பத்தான் ஃபேக்ஸ் அனுப்பினேங்க, வந்துச்சா?" அனுப்பிவிட்டு இப்படி ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

"பாதியில அறுந்ததெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றாள் என்னிடம்.

"அவங்களே ஃபோன் பண்ணிக் கேப்பாங்கல்லக்கா."

"ஃபோன் பண்ணாத ஆளு யாரு?"

"அப்படி யாரும்..." என்றவளுக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார்.

உராகாமி சான், மேட்டில் இருக்கும் பெரியவர். பிறவியிலேயே காது கேளாதவர், ஃபோன் பேச முடியாது. இரண்டு வாரமாக அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒசாகாவில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நெமோட்டோ சர்வரின் வரவுப் பதிவில் தேடினாள். தினமும் அவர் எண்ணிலிருந்து ஃபேக்ஸ் வந்திருந்தது, எல்லாம் வெற்றுப் பக்கம். வெற்றுப் பக்கம் வந்தால் தானாகவே தூக்கிப் போட்டுவிடு என்று சர்வருக்குச் சொல்லி வைத்திருந்தது.

"நான்தானே அப்படிச் செய்யச் சொன்னேன்" என்றார் முதலாளி, முகம் சுண்டிப்போய்.

"செஞ்சது நான்" என்றாள் நெமோட்டோ. பழைய மெஷினாக இருந்தால், மேலே அவர் எண்ணோடு ஒரு வெள்ளைத் தாள் வெளியே வந்திருக்கும். நானும் உடனே பதில் எழுதிக் கேட்டிருப்பேன். அவள் அப்போதே அந்த ஏற்பாட்டை நீக்கினாள். முதலாளி உராகாமி சானுக்கென்று தன் கையாலேயே ஒரு சாப்பாடு கட்டிக் கொடுத்தார்.

மூச்சு வாங்க நானும் நெமோட்டோவும் மேட்டுப் படியேறினோம். உராகாமி சான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். மேசையில் வெறும் சோறும் பிளம் ஊறுகாயும். பக்கத்தில் மகள் வாங்கி அனுப்பிய புது ஃபேக்ஸ் மெஷின். பழையதில் எழுதிய பக்கம் மேலே பார்க்க வேண்டும், இதில் கீழே பார்க்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எங்களைப் பார்த்ததும் தாளை எடுத்து எழுதினார்: "என்னை நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்தேன். என்ன தப்பு செய்தேன் என்றுதான் தெரியவில்லை."

பேனாவை எடுத்து, தாளை மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று எழுதப் போனேன். நெமோட்டோ வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: "நீங்கள் அனுப்பியது அத்தனையும் வந்து சேர்ந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை."

அவர் அதை இரண்டு முறை படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பிரித்தார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தாளை எப்படி வைப்பது என்று அவள் காட்டிக் கொடுத்தாள். அன்று என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதற்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.