மேரிராணி போட்ட கோடு

மழை விட்ட மறுநாள் சாக்கடைச் சேற்றை வாரிப்போடுவது மேரிராணியின் வேலை. யாரும் ஒதுக்கித் தந்ததல்ல. மூக்கண்டப்பள்ளியில் அந்தத் தெருவுக்கு வீடு கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து மண்வெட்டியோடு அவள்தான் நிற்கிறாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது, "இந்தப் பக்கமும் கொஞ்சம் இழுத்து விடு மேரி" என்பார்கள். "எறங்கி வாங்க, மம்மட்டி இன்னொண்ணு இருக்குது" என்பாள். யாரும் இறங்கியதில்லை.

மத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இப்போது வயரிங் கம்பெனியில் லைன் லீடர். கணவர் இன்னாசிமுத்து லேத் பட்டறைக்குப் போகிறார். கீழ்வீட்டில் இவர்கள் இருவரும். மாடியை, கம்பெனிக்குப் போகும் காவியாவுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்தத் தெருவில் நடக்க இடமில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. வீட்டுக்காரர்கள் தரையை உயர்த்தி, படியையும் வண்டி ஏற்றும் சரிவையும் தெருவுக்குள் நீட்டிக் கட்டினார்கள். கம்பெனி பஸ் நிற்கும் முனைக்குப் போகிற பெண்கள் லாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு வேன், காவியாவின் பாதத்தில் ஏறியது. அவள் கட்டோடு மாடியில் கிடந்தபோது கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது.

தெருவைப் புதிதாகப் போடுமுன் மாநகராட்சியில் கூட்டம் போட்டு மக்களைக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மேரிராணி தெருச் சங்கத் தலைவர் ராஜசேகரின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களை மட்டும்தான் அழைத்திருந்தார்கள்.

"வாடகைக்காரங்க என்னாத்துக்கு மேரி? இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் பெங்களூரு போயிருவாங்க."

"கால் ஒடஞ்சது வாடகைக்காரிக்குத்தானே அண்ணா? உங்களுக்கா ஒடஞ்சது?"

"செரி, கூட்டிட்டு வா. சேர் பத்தலன்னு எங்கிட்ட வராத."

முதல் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே பேச்சுதான் வந்தது: நடைபாதை வேணும், எங்க வீட்டு முன்னால மட்டும் வேணாம். வந்திருந்த பொறியாளர் அம்மா பொறுமையாகக் கேட்டார். "பாதை ஒரே பக்கமா, நேராப் போகணும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் படியை எடுக்க ஒத்துக்கணும். இல்லன்னா சாக்கடைக்கு மூடி மட்டும்தான். அடுத்த கூட்டத்துல சொல்லுங்க."

கம்பெனித் தரையில் ஆள் நடக்க மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் டிராலி நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். மேரிராணிக்கு அது ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுண்ணாம்புத் தூள் வாங்கிவந்தாள். காவியா காலை இழுத்து இழுத்து நடந்து கயிறு பிடித்தாள். முனையிலிருந்து கோடு கிளம்பியது. ராஜசேகர் வீட்டுப் படி மேல் ஏறி இறங்கியது. கெம்பம்மா வீட்டுத் துவைகல் மேலும் ஏறி இறங்கியது. கெம்பம்மா வெளியே வந்து கன்னடத்தில் திட்டிவிட்டு, கோட்டுக்குள் இரண்டு தடவை நடந்தும் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் காவியா, "கோடு தண்ணி போட்ட மாதிரி இருக்குது. உங்க வீட்டுகிட்ட மட்டும் தள்ளாடுது."

தெரியாமல் வளைந்ததல்ல. அவள் வீட்டு வாசலில் இருந்த சரிவு, இன்னாசிமுத்து லீவு போட்டுத் தானே ஜல்லி கலந்து கட்டியது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அது இல்லாமல் அவரால் வண்டியை ஏற்ற முடியாது.

மேரிராணி வளைவைச் செருப்பால் தேய்த்து அழித்தாள். கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, சரிவின் நடுவிலேயே தூளைக் கொட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து பார்த்த இன்னாசிமுத்து ஜன்னலைச் சாத்தினார். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்.

அடுத்த கூட்டம் அங்கன்வாடி அறையில், மதியத்தில். நைட் ஷிப்ட் ஆட்கள் தூக்கக் கண்ணோடு வந்தார்கள். மேரிராணி செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி யூனிபார்மில் வந்தாள்.

"யார் முதல்ல ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறீங்க?" என்று பொறியாளர் கேட்டார். எல்லோரும் ராஜசேகரைப் பார்த்தார்கள்.

"கோடு போட்டவங்களே சொல்லட்டும்" என்றார் ராஜசேகர்.

"எங்க வீட்ல ஆரம்பிங்க."

"வீடு இன்னாசி பேர்லதான இருக்குது? அவரு சொல்லட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். இன்னாசிமுத்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "வண்டிய எப்பிடி ஏத்தறது?"

"நான் தள்ளி ஏத்தறன்."

"நீ ஷிப்டுக்குப் போயிட்டா?"

"நான் ஏத்தறன் மாமா" என்றாள் காவியா.

"உனக்கு ஒரு கால், அவருக்கு ஒரு கால். சரியாப் போச்சு" என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது. இன்னாசிமுத்து சிரிக்கவில்லை.

முனையில் பஸ் ஹாரன் அடித்தது. மேரிராணி எழுந்தாள்.

"ராஜசேகரண்ணா வீட்ல எடுத்தாலும் எடுக்காட்டியும், நாளைக்குக் காலைல நம்ம சரிவ நான் ஒடைக்கப் போறன். ஏங்க, கையெழுத்து நீங்க போடுவீங்களா, மாட்டீங்களா?"

இன்னாசிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் இன்னொரு முறை அடித்தது. மேரிராணி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.