நாற்காலியின் நுனியில் அம்மா

பல்கலைக்கழகத்தில் நான் எடுத்திருப்பது மனிதச் சேவைப் படிப்பு. எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து என்ன வேலை பார்ப்பேன் என்று அங்கே யாருக்கும் இன்னும் விளங்கவில்லை. "ஆளுங்களுக்கு உதவி செய்ற வேலை" என்று அப்பா செம்பனைத் தோட்டத்தில் தன்னோடு குலை வெட்டும் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

இரண்டாம் ஆண்டில் வேலையிடப் பயிற்சி பற்றியும், பெரியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது பற்றியும் ஒரு பாடம் வந்தது. தெரிந்த ஒருவருக்கு அவர் வேலைக்கு உதவும் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, நடந்ததை எழுத வேண்டும். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்மா போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். சுவா பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு விடிகாலையில் வேன் வந்து ஏற்றிப்போகும். கட்டில் கட்டிலாகக் குனிந்து விரிப்பு மாற்றியதில் முட்டி தேய்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சூப்பர்வைசர் வேலை காலியானது. கிடைத்தால் குனிய வேண்டாம். புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்த்தால் போதும். கிடைக்காவிட்டால் வேலையையே விட வேண்டியதுதான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சமையலறையை மேனேஜர் அறையாக்கினேன். அப்பாதான் மேனேஜர். கைலிக்கு மேல் என் நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "சிலாக்கான் டுடோக்" என்று நாற்காலியைக் காட்டினார், கம்பீரமாக மலாயில். அம்மா இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

"ம்மா, உட்காரச் சொன்னா உட்காரணும்."

"பரவால்லடா. அவரு கேக்கட்டும், நின்னுகிட்டே சொல்றேன்."

"உட்காரு லா," என்றார் அப்பா. "நானே தொர ஆபீஸ்ல உட்கார்ந்ததில்ல. இன்னைக்குத்தான் தொர ஆயிருக்கேன், கெடுத்துடாத."

அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். அப்பா முதல் கேள்வி கேட்டதும் அம்மா எழுந்துவிட்டார். உட்காரவைத்தேன். மறுபடியும் எழுந்தார்.

"இல்லம்மா, தப்பு. திரும்பச் செய்."

"நான் என்ன தாடிகாவுல படிக்கிற சின்னப் புள்ளையா, அதட்டுற?" இம்முறை அம்மா சிரிக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பெரியவர்களைச் சிறுபிள்ளை போல நடத்தாதே, அவர்களுடைய அனுபவத்திலிருந்து தொடங்கு என்பதுதான் அந்தப் பாடத்தில் முதல் வாரமே படித்தது. நன்றாக மனப்பாடம் செய்திருந்தேன்.

தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு, ஏம்மா உட்கார வரவில்லை என்று கேட்டேன்.

"வேலையிடத்துல உட்கார்ந்தா வேலை செய்யலன்னு அர்த்தம்டா. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுற காலத்துல, வேலை வாங்குற மண்டோர் தலை தெரிஞ்சாலே எழுந்திருவோம். கை சும்மா இருந்தா எனக்கு உட்காரவே வராது."

"ஹோட்டல்ல எப்பவாச்சும் உட்கார்றதுண்டா?"

"டவல் மடிக்கும்போது."

அப்படியென்றால் கையில் ஏதாவது வைத்துக்கொள் என்றேன். அம்மா கைக்குட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்தபடியே பதில் வந்தது.

"சம்பளம் எவ்ளோ வேணும்?"

"இந்தத் தொர வீட்டுக்குக் குடுக்கிறதவிடக் கூட."

நேர்முகத்தன்று வகுப்பில் எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மதியம் அம்மா அழைத்தார்.

"உட்கார்ந்தியாம்மா?"

"உட்கார்ந்தேன் லா. பேசிகிட்டே கைக்குட்டைல அன்னம் செஞ்சிட்டேன் போல. கேள்வி கேட்ட மேடம் பார்த்துட்டாங்க." விருந்தாளிகள் வருவதற்கு முன் கட்டில்மேல் துண்டில் மடித்துவைப்பார்களே, அந்த அன்னப்பறவை. "எப்படின்னு கேட்டாங்க. பக்கத்துல உட்காரவச்சு சொல்லிக்குடுத்தேன். கழுத்து நிக்கல அவங்களுக்கு, பாவம். திரும்பத் திரும்பச் சொன்னேன்."

வேலை கிடைத்தது.

புதுப் பெண்களுக்கு முதல் பயிற்சி கொடுப்பதற்கு முந்தின நாள், அம்மா எங்கள் இருவரையும் வைத்து ஒத்திகை பார்த்தார். ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு துண்டு. குலை வெட்டிப் பழகிய அப்பாவின் கையில் அன்னம் கோழியாகிக்கொண்டிருந்தது.

"இல்லங்க, தப்பு. திரும்பச் செய்ங்க."

"நான் என்ன தாடிகா புள்ளையா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் என் துண்டைப் பார்த்தேன். பிறகு அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, முதுகு நன்றாகச் சாயும்படி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோழியைப் பிரித்தார்.

"சரி. உங்களுக்கு எந்த எடத்துல வரலன்னு சொல்லுங்க."